ஜெயக்கொடியின் காலிக் கட்டம்

பெங்களூர், செவ்வாய்

அன்புள்ள நைனாவுக்கு,

வணக்கம். செஞ்சியில் மழையாமே, மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

பிள்ளைகள் மேற்படிப்பைத் தேர்ந்தெடுக்க உதவும் எங்கள் மென்பொருளை ஓர் அமெரிக்க மாவட்டத்துப் பள்ளிகள் வாங்கிவிட்டன. அவர்களுக்குச் செய்துகாட்ட ஒரு மாணவியின் விவரம் தேவைப்பட்டது. செத்துப்போன நம் ஜெயக்கொடி அக்காவின் பிளஸ் டூ மதிப்பெண்கள்தான் எனக்கு மனப்பாடம்; பெயரோடு போட்டுவிட்டேன். இப்போது தினமும் காலையில் எனக்கு நினைவூட்டல் வருகிறது: ஜெயக்கொடி இன்னும் விண்ணப்பிக்கவில்லை.

"யாருடி இந்தச் சோம்பேறி?" என்றாள் பக்கத்து இருக்கை டெய்சி. நானும் சிரித்துவைத்தேன்.

மாதக் கடைசிக்குள், மாதிரிக்குப் போட்ட அந்தப் பெயரை அழிக்க வேண்டுமாம். 'என்ன படிக்க விருப்பம்?' என்ற கட்டம் மட்டும் காலி. நான் அவளைக் கேட்டதேயில்லை. உங்களிடம் சொன்னாளா?

சித்தப்பா வரும்போது கொஞ்சம் மல்லாட்டையும் (டெய்சி அதை வேர்க்கடலை என்கிறாள்), இதற்குப் பதிலும் கொடுத்தனுப்புங்கள். ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. அழிப்பதற்கு முன் அந்தக் கட்டத்தை நிரப்பிவிட வேண்டும், நைனா.

உங்கள் மகள்,
பூங்குழலி