பூஜ்யத்தில் நிற்கும் திருகு

பெரிய பேரன் டாக்டராகிவிட்டான். சின்னவன் செஸ் போட்டியில் டெக்ஸாஸ் முழுவதற்கும் முதலாவதாக வந்தான். நீங்கள் ‘அம்மிணி’ என்று கூப்பிட்ட பேத்தி, டாலஸில் லாரி செய்யும் கம்பெனியில் பிரேக் இன்ஜினியர். கேட்டீர்களா? பிரேக்.

சொல்லி மகிழ நீங்கள் இல்லை. தையல் டப்பாவைத் திறந்தால் உங்கள் டிரெய்லர் பிரேக்கின் கறுப்புப் பெட்டிதான் கையில் படுகிறது. நொறுங்கின பிக்கப் வண்டியிலிருந்து மகன் கழற்றி வந்தது. திருகு இன்னும் பூஜ்யத்திலேயே நிற்கிறது. பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

அன்று கடையில் டிரெய்லர் பிரேக்குக்கு இரண்டு பெட்டி காட்டினார்கள். ஒன்று, நம் வண்டி எப்படி வேகம் குறைகிறதோ அப்படியே டிரெய்லரையும் பிடிக்கும். மற்றது, மெதுவாக மிதித்தாலும் திருகில் வைத்த அளவுக்கு வெடுக்கென்று பிடிக்கும்.

“தாத்தா, திஸ் ஒன். இதுதான் ஸ்மூத்” என்று முதலாவதைத் தொட்டாள் அம்மிணி.

“நாமக்கல்லுல முப்பது வருசம் லாரி ஓட்டுனவன் நானு. எனக்கு மேல யோசிக்கிற பொட்டி எதுக்கு அம்மிணி?” என்று மற்றதை எடுத்தீர்கள். அவள் முகம் சுண்டிப்போனது. நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

அந்த வருஷப் பொங்கலன்று கோயிலுக்கு முந்நூறு பேர் சாப்பாடு டிரெய்லரில் ஏறியது. முதல் சிக்னலிலேயே வெடுக்கென்று பிடித்து, அண்டா சாம்பார் தளும்பிச் சிந்தியது. இறங்கித் துடைத்துவிட்டு வந்து, திருகைப் பூஜ்யத்துக்குத் திருப்பினீர்கள்.

“ஏனுங்க, அப்போ பின்னால பிரேக்கே இல்லீங்களா?”

“எங்காலு இருக்குதல்ல? அஞ்சாவது படிச்ச வாத்தியாரம்மா, சும்மா வாங்க.”

ஃப்ரீவேயிலிருந்து இறங்கும் சரிவில், மழை ஈரத்தில், முன்னால் ஒரு கார் நின்றது. மிதித்தீர்கள். பின்னாலிருந்த பாரம் நிற்கவில்லை. நம்மை ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய்ப் பாலத் தூணில் மோதியது. எனக்குக் கை முறிந்தது. உங்களுக்கு ஆனதை எழுதமாட்டேன். சாம்பார் சிந்துமே என்று பார்த்தீர்களே, பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தது கண்ணில் படவில்லையா?

இந்தப் பொங்கலுக்குத் தன் வண்டியில் தன் டிரெய்லரை மாட்டி அம்மிணி ஓட்டினாள். அன்று அவள் தொட்ட அதே மாதிரிப் பெட்டி. பாரம் ஏற்றியதும் காலி ரோட்டில் இரண்டு முறை மிதித்துப் பார்த்து, திருகைச் சரிசெய்த பிறகே கிளம்பினாள். கோயிலில் அண்டா மூடியைத் திறந்தேன். விளிம்புகூட நனையவில்லை. அங்கேயே நின்று உங்களைத் திட்டித் தீர்த்தேன். பரிமாற வந்தவர்கள் பயந்துபோனார்கள்.

சாமி அலமாரிக்கு மேலே, டிரெய்லரில் கை ஊன்றிச் சிரிக்கிற உங்கள் படம்தான் மாலையோடு இருக்கிறது. நேற்று அம்மிணிக்கு ஃபோன் போட்டேன்.

“நீயும் உன்ற டிரெய்லரும் நிக்கிற மாதிரி புதுசா ஒரு படம் எடு கண்ணு. ஃபோன்ல வேண்டாம், பிரிண்ட் போட்டுத் தபால்ல அனுப்பு.”

“வொய், பாட்டி?”

“உங்க தாத்தனுக்கு நேர் எதுத்தாப்பல மாட்டோணும். பாத்துக்கிட்டே இருக்கட்டும்.”