ஏழு சென்டிமீட்டர் பின்னுக்கு

நவம்பர் 6, வியாழன்

காலையில் குளிர். ஸ்வெட்டர்களை வெயிலில் போட்டேன். அந்துருண்டை வாசனை வீடு முழுக்க.

கல்லூரியில் ஒளியியல், இரண்டு வகுப்பு எடுத்தேன். மாலை ரா.வுடன் கண் டாக்டர். (கல்யாணமாகி இருபத்துமூன்று வருடம். கணவர் பெயரை இங்கேகூட முழுதாக எழுத வரவில்லை. பௌதிகம் படித்து என்ன பயன்.) அவருக்கு இடது கண் விழித்திரையில் சவ்வு. 17ஆம் தேதி அறுவை. பார்வை மிஞ்சுமா என்று கேட்டேன். டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார். "தேக்தே ஹைன், மேடம்." பார்க்கலாமாம்.

ஆட்டோவில் ரா.: "ரெண்டு கண்ணும் இருக்கப்பவே ஒரு ஸ்டீரியோ படம் எடுத்துப் பாத்துரணும், சாந்தா. உன்னயத்தான்."

"ஏதாவது மலை, கோட்டைய எடுங்க."

"மல ஒத்தக் கண்ணுக்கும் மலதான்."

நவம்பர் 7, வெள்ளி

கசார்வாடி பட்டறையில் சொல்லிச் செய்த சறுக்குப் பலகை வந்துவிட்டது. மேலே காமிரா, ஓரத்தில் எஃகு ஸ்கேல். இடது கண்ணுக்கு ஒரு படம்; காமிராவைப் பக்கவாட்டில் நகர்த்தி வலது கண்ணுக்கு இன்னொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்தால் ஒன்றாகச் சேர்ந்து, முன்பின் ஆழத்தோடு தெரியும். எவ்வளவு நகர்த்துவது? அதில்தான் சண்டை.

"ஆறரை சென்டிமீட்டர். நம்ம ரெண்டு கண்ணுக்கும் நடுவுல அவ்வளவுதான இருக்கு."

கண்ணுக்குச் சரி. காமிராவுக்கு அப்படிக் கட்டாயமில்லை, தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு என்றேன். ஹாலில் காமிரா, பால்கனியில் நான். இடையே 240 செ.மீ. ஆக, 8.

"எட்டா? யானைக்கா படம் காட்டப் போறோம்?"

"கணக்கு என்னுது, பட்டன் உங்களுது."

நவம்பர் 8, சனி

படம் எடுத்தாயிற்று. இரண்டு படத்துக்கும் நடுவில் நான் இமைக்கவும் கூடாது. அசையாமல் இருப்பது எனக்கு நன்றாக வரும். கவிதா கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டே: "அப்பா, ஜல்தி எடுங்க நா. அம்மா மூஞ்சி எக்ஸாம் ஹால் மாதிரி ஆயிடுச்சு." பெற்ற மகள்.

வாங்க: ரவை, பல்பு, ரா.வுக்குக் கறுப்புக் கண்ணாடி.

நவம்பர் 10, திங்கள்

ஸ்டுடியோவில் பாதிப் படங்கள்தான் கொடுத்தார்கள். கடைக்காரர் மராத்தியில்: "தோன் தோன் சேம் ஹோதே, மேடம். ஏக் ஏக்ச் காட்லே." ஒரே மாதிரி இரண்டிரண்டு இருந்ததாம், நமக்காக ஒவ்வொன்று மட்டும் அச்சடித்தாராம். அவர் முகத்தில் அத்தனை பெருமை. திட்ட மனம் வரவில்லை. மீதியையும் போடச் சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் ஏழு நாள்.

நவம்பர் 12, புதன்

ஜோடி சேர்ந்தது. ஷூ டப்பாவில் இரண்டு லென்ஸ் பதித்து ரா. செய்த பெட்டியில் வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். துடைத்துப் பார்த்தார். கீழே வைத்துவிட்டார்.

"சேர மாட்டேங்கு. கண்ணு முந்திக்கிட்டுப் போயிருச்சு போல."

சாதாரணமாகத்தான் சொன்னார். டீயை மட்டும் குடிக்கவில்லை.

பெட்டியை நான் வாங்கிப் பார்த்தேன். எனக்கும் சேரவில்லை. பால்கனி வாசலில் தொங்கும் மணி பிளாண்ட் இரண்டாகப் பிளந்து நெற்றியில் குத்தியது. டேப்பை எடுத்தேன். காமிராவிலிருந்து செடிக்கு 90 செ.மீ. படத்தில் எது மிக அருகில் இருக்கிறதோ அதற்குத்தான் முப்பதில் ஒன்று. 3 செ.மீ. நகர்த்தியிருக்க வேண்டும், நகர்த்தியது 8. நானோ என் மூக்குவரை அளந்திருக்கிறேன். வகுப்பில் ஒரு பெண் இப்படி அளந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

"தப்பு என்னுது. உங்க கண்ணுது இல்ல."

"இருவத்தி மூணு வருசத்துல இந்த வார்த்தைய இப்பத்தான் கேக்கேன். இதுக்காகவே ஒரு கண்ணு போலாம்."

"வாயக் கழுவுங்க."

டீயைச் சுட வைத்துக் கொடுத்தேன். குடித்தார்.

நவம்பர் 13, வியாழன்

நல்ல வெயில். செடி சமையலறைக்குப் போனது. இப்போது காமிராவுக்கு மிக அருகில் இருப்பது என் முழங்கால். 188 செ.மீ. முப்பதால் வகுத்தால் ஆறேகாலுக்குக் கொஞ்சம் மேல். அவர் குளிக்கப் போன நேரத்தில் நாற்காலியை ஏழு செ.மீ. பின்னுக்குத் தள்ளி, அதன் கால்களைச் சுற்றி சாக்பீஸால் குறி போட்டேன்.

வந்ததும் டேப்பை அவரிடமே கொடுத்தேன். அளந்தார். 195. விரலால் காற்றில் வகுத்தார்.

"ஆறரை! நான் அன்னைக்கே சொன்னம்லா?"

"ஆமா."

"என்ன, சும்மா ஆமாங்க?"

"சரியாத்தான சொன்னீங்க. எடுங்க, காலேஜுக்கு நேரமாச்சு."

நவம்பர் 15, சனி

இந்த முறை ஸ்டுடியோவில் எல்லாம் இரண்டிரண்டாக, நூல் கட்டி. ரா. சன்னலோரம் உட்கார்ந்து பெட்டியைக் கண்ணில் வைத்தார். நான் பீன்ஸ் நறுக்கப் போனேன். இரண்டு காய்கூட நறுக்கவில்லை. கத்தியை வைத்துவிட்டு வந்து நின்றேன்.

"கை முன்னால வருது சாந்தா. மடியில வச்சிருக்கியே, அந்தக் கை. மோதிரம் தனியா நிக்கி."

இடது கண்ணை மூடினார். "போயிட்ட." திறந்தார். "வந்துட்ட."

மறுபடி மூடினார். "போயிட்ட."

பத்து முறைக்கு மேல் போய் வந்தேன். பீன்ஸ் அப்படியே கிடந்தது.

நவம்பர் 17, திங்கள்

காலை 7. மேகமூட்டம். பையில்: துண்டு 2, ஃபிளாஸ்க், ரிப்போர்ட், கறுப்புக் கண்ணாடி, லுங்கி. அடியில் ஷூ டப்பா. அவர் கேட்கவில்லை, நானாக வைத்தேன்.

வீடு துடைக்க வந்த சுனந்தா பால்கனியில் சாக்பீஸ் குறிமேல் ஈரத் துணியை வைக்கப் போனாள். "ராஹு தே", இருக்கட்டும் என்று கையைப் பிடித்துவிட்டேன். அவளுக்கு ஆச்சரியம்.

கீழே ஆட்டோ.