திரும்பி வந்த இரண்டு புத்தகங்கள்

அடி அண்ணாமலை
3.10.1982

சிரஞ்சீவி பலராமனுக்கு அம்மா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நான், அப்பா, உன் தங்கை வள்ளி மூவரும் சுகம். உன் சுகத்தை யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் தவிக்கிறேன். ஆடியிலிருந்து உன் கடிதம் இல்லை, வேலை ஜாஸ்தி போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். போன வாரம் சென்னையிலிருந்து மலிவுப் பதிப்பகத்தார் கார்டு போட்டிருந்தார்கள். உன் பெயருக்குச் சந்தா கட்டினோமே, மாதம் ஒரு பழைய புத்தகத்தை மறுபடி அச்சடித்து உன் பம்பாய் விலாசத்துக்கே அனுப்புகிறவர்கள், அவர்கள்தான். கடைசி இரண்டும் ஆள் இல்லை என்று திரும்பி வந்துவிட்டனவாம், மகன் நலம்தானே என்று கையால் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். பம்பாயில் இருக்கிற உன் சிநேகிதன் சகாதேவனின் அம்மா கன்னியம்மாளிடம் உடனே ஓடினேன். உங்கள் மில் ஸ்டிரைக்கில் மாதக்கணக்காக மூடிக் கிடக்கிறதாம், நீ அறையையும் காலி செய்துவிட்டாயாம். ஆனி மாதக் கடிதத்தில்கூட வேலை நன்றாக நடக்கிறது என்று எழுதினாயே! எங்கே சாப்பிடுகிறாய், எங்கே படுக்கிறாய்? சகாதேவன் எப்படியாவது உன்னைத் தேடிப்பிடித்துக் கொடுப்பான் என்று அவன் விலாசத்துக்கு இதை எழுதுகிறேன்.

அந்தப் பதிப்பகத்தாரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். காகிதம் பழுப்பு, அட்டை மெல்லிசு, ஆனால் பெரிய வீட்டு அலமாரிகளில் பூட்டிக் கிடந்த புத்தகங்களை ஒரு படி வறுத்த மல்லாட்டை விலைக்கு நம் வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள். திரும்பி வந்ததை வேறு யாருக்காவது விற்றுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். உன் பெயர் எழுதி எடுத்து வைத்திருக்கிறார்கள். வேண்டுமானால் எங்களுக்கு அனுப்பட்டுமா என்றும் கேட்டார்கள். இங்கயே வரட்டும், வள்ளி படிக்கட்டும்னு அப்பா சொன்னார். அவன் பேர்ல வந்தது அவன் கைக்குத்தான் போவணும்னு நான் ஒரே பிடியாக நின்றுவிட்டேன். நீ வராமல் உன் பொருள் மட்டும் வீடு வந்து சேர்வதை என்னால் பார்க்க முடியாதப்பா.

வேலை போனதற்கு எங்களிடம் என்னடா வெட்கம்? அப்பாவுக்குப் பயப்படாதே. வேல போனா போவுது, புள்ள வந்தா போதும்னு சொல்லிவிட்டு, தினமும் போஸ்ட்மேன் வரும் நேரத்துக்கு வெயிலில் போய் நிற்கிறார். வயிற்றைக் காயப் போடாதே. கண்ட இடத்தில் படுக்காதே.

எங்கிருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் தீர்க்காயுசாக இரு. பதிப்பகத்தார் விலாசம் எழுதிய கார்டு ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன். எங்களுக்கு எழுத மனசு வராவிட்டால், அதில் நீ இருக்கிற இடத்தை மட்டும் எழுதிப் போடு. உன் விலாசத்தை அவர்களிடம் கேட்க மாட்டேன், சத்தியம். இந்தத் தடவை புத்தகம் திரும்பி வரவில்லை என்று அவர்கள் ஒரு வரி எழுதினால் எனக்குப் போதும்.

உன் அம்மா
சந்திரம்மாள்