ரூட்டரில் ஒரு கீச்சு

நவ. 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஒரகடம் அபார்ட்மெண்டில் தச்சு வேலை, மூன்றாம் மாடி. அலமாரிக் கதவுகளுக்கு ஓரம் அடிக்க வேண்டும். ஓரம் செதுக்கும் ரூட்டர் மிஷின் ஓடிய இடமெல்லாம் அலை அலையாக வருகிறது, விரல் வைத்தாலே தெரிகிறது. மரத்தை வெட்டும் பிட் மழுங்கிவிட்டது என்று புதுசு மாட்டினேன். அதே அலை. இன்னொரு பிட். அதே கதை.

வீட்டுக்கார அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார். "இன்னா தம்பி, மிஷின் இப்படி கீச்சுனு கத்துது? பேச முடியல." ரூட்டர் கத்தாமல் கொஞ்சவா செய்யும்? அடுத்த கதவை எடுத்தேன். எனக்குக் கேட்டது வழக்கமான இரைச்சல்தான்.

உப்புத்தாள் வாங்க வேண்டும். இன்னொரு சார்ஜரும். ரேவதி என் வலது பக்கம் வந்து படுக்க ஆரம்பித்ததிலிருந்து, அந்தப் பக்கத்து பிளக்கும் சார்ஜரும் அவள் வசம். அங்கேதான் ஃபேன் காற்று நன்றாக வருகிறதாம்.

நவ. 12, புதன்

வேலைக்குப் போகவில்லை. மிஷினை வீட்டு வாசலில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். ரேவதி ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் இறங்கி, நேராக என்னிடம் வந்தாள்.

"தெரு முனையிலயே கேக்குதுய்யா. பேரிங் போய்கினு கீது. எங்க கம்பெனி பிரஸ் மிஷின் லைன்ல இந்த சத்தம் வந்தா உடனே நிறுத்திடுவாங்க."

"ஆமா, நீதான் மெக்கானிக்கு."

சொல்லிவிட்டு, அவள் உள்ளே போனதும் பிளக்கைப் பிடுங்கினேன். பிட் மாட்டும் தண்டைப் பிடித்து அசைத்தால் பக்கவாட்டில் ஆட்டம். கையால் சுற்றினால் உள்ளே மணல் கிடப்பது போல நெருடல். அவள் சொன்னது சரி. இது எப்படி என் காதில் விழாமல் போனது?

நவ. 13, வியாழன்

வெயில். பிரித்தாயிற்று. முதலில் மோட்டாரின் கார்பன் கட்டைகளைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே சுற்றும் ஆர்மேச்சர் வெளியே வராது. கீழ் பேரிங்கின் மூடி கிழிந்து, மரத்தூளும் கிரீஸும் வெந்து களியாகியிருந்தது. பாவம், எத்தனை நாள் இப்படி ஓடியதோ.

படப்பையில் பேரிங் கடை. "ரப்பர் மூடியா, தகடு மூடியா?" "மரத்தூள்ல ஓடுற மிஷின்ணே." "அப்போ ரப்பர்."

மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டையும் மாற்றினேன். உள் வளையத்தில் மட்டும் உட்காரும்படி பைப் துண்டு வைத்துத் தட்டினேன். வெளி வளையத்தில் அடி விழுந்தால் குண்டுகளில் தழும்பு விழும், புது பேரிங்கும் குப்பை. சுகமாக இறங்கியது. ஒரு கட்டையில் ஓட்டினேன். வழுவழு. கையில் அதிர்வே இல்லை.

ரேவதி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பாடா, கீச்சு போச்சு. இப்பதான் நிம்மதி, இல்ல?"

"ஆமா."

பொய். கைக்கு வித்தியாசம் தெரிந்தது. காதுக்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை கேட்ட அதே இரைச்சல். கட்டிய பெண்டாட்டியிடம் எதற்கு இந்தப் பொய்?

நவ. 14, வெள்ளி

பழைய பேரிங்கை விரலில் மாட்டி வலது காதருகே சுற்றினேன். கரகர. இடது காதருகே. ஒன்றுமில்லை. சரியாகச் சுற்றவில்லை என்று மறுபடி. வலது கரகர. இடது ஒன்றுமில்லை.

பயமாக இருக்கிறது. பலகை சரியும்போது இடது பக்கத்திலிருந்து ஒருத்தன் "கையை எடு" என்று கத்தினால்? கை போனால் பிழைப்பே போச்சு. வலது காதிலும் அந்தக் கீச்சு விழவில்லையே, அதுவும் இதே வழியில் போனால்?

காதருகே ரீங்காரமே இல்லை, இந்த வருஷம் மழை பெய்தும் கொசு குறைச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உடம்பெல்லாம் தடிப்பு.

ரேவதியிடம் சொல்லவில்லை. சாம்பார் நன்றாக இருந்தது. அதையும் சொல்லவில்லை.

நவ. 16, ஞாயிறு

மேகம், மழை இல்லை. ரேவதிக்கு லீவு. அவள் போர்வை மடிக்கும்போது சொல்லிவிட்டேன். பேரிங், கீச்சு, இடது காது, எல்லாம். அழுவாள் என்று நினைத்தேன். மடிப்பதை நிறுத்தவில்லை.

"நாளைக்கு லீவு சொல்லிட்டேன். காது டாக்டராண்ட போலாம். கேட்டா நீ வரமாட்டன்னு சொல்லாம வச்சிருந்தேன்."

பையைத் துழாவி, கம்பெனியில் கொடுக்கும் கயிறு கோத்த ஆரஞ்சு காதடைப்பான் ஒரு ஜோடி எடுத்து ரூட்டர் மேல் வைத்தாள். "இனிமே இத்த போட்டுகினுதான் மிஷின தொடணும்."

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"தீபாவளிக்கு முன்னாடியே. இடது பக்கம் படுத்துகினு பேசினா உன்னாண்டருந்து பதிலே வராது. முதல்ல கோவம்னு நெனச்சேன்."

"ஃபேன் காத்துன்னு சொன்னியே?"

போர்வையைத் தூக்கிக்கொண்டு கொடிக்குப் போனாள். பாயில் படுத்து மேலே பார்த்தேன். ஃபேன் அறைக்கு நடுவில்தான் தொங்குகிறது.