செவ்வாய்க்கிழமை வைத்த நிலை

செவ்வாய், இரவு

வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் கப்பலூர்ப் பக்கம் பாண்டியம்மா அக்காவுக்கு வீடு கட்டுகிறார்கள். பேச்சை மொழிபெயர்ப்பது என் வேலை. இன்று வாசல் நிலையைத் தூக்கியபோது அக்கா என் கையைப் பிடித்தார்.

"இன்னைக்குச் செவ்வாய்த்தா. கோழிக்கூட்டுக்குக்கூட நிலை வைக்க மாட்டோம். நாளைக்கு வைக்கச் சொல்லு."

அவர்கள் நம்மை என்ன நினைப்பார்களோ என்று எனக்குக் கூசியது. அக்காவுக்கு ரொம்ப சந்தோஷம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். நிலை நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"சொன்னியாத்தா?"

"சொன்னேன்க்கா. நாளைக்கு முடியாதாம்."

"சரி விடு. வெயில்ல நமக்காகக் கல்லுச் சொமக்குறவுக. அவுகள என்ன சொல்ல?"

கேட்டிருந்தால் நிச்சயம் நாளைக்கு மாற்றியிருப்பார்கள். இனி அந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அக்கா அந்த வாசலைத்தான் பார்ப்பார்.