சுவரில் குத்திய பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன்னோடு அறையில் தங்கியிருக்கும் நர்ஸ் அக்காவுக்கும் வேண்டாம். ஒடெஸா பெரியம்மாவுக்கு எழுதும்போது இப்படி ஒரு கடிதம் வந்தது என்று தவறிக்கூட எழுதிவிடாதே. எப்போதும் என் கடிதத்தின் அடியில் பெரியம்மா இரண்டு வரி சேர்ப்பார்கள் அல்லவா, இதில் அது இருக்காது. போர்வைக்குள் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நாங்கள் இருவரும் சுகம். பெரியம்மாவின் முழங்கால் மழை நாளில் மட்டும் முனகுகிறது. நீ அங்கே நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் சர்ச்சில் எல்லோரும் சேர்ந்து வேண்டிக்கொள்கிறோம். நீ ஜெர்மனியிலிருந்து அனுப்பிய கம்பளிக் கையுறை வந்து சேர்ந்தது, இந்தத் தீவில் அதைப் போட்டுக்கொள்ளும் அளவுக்குக் குளிர் எப்போது வருமோ தெரியவில்லை, ஆனாலும் தலையணைக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன், ரொம்ப நன்றி அம்மா. ராணுவ ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை முடித்துவிட்டு வெறும் காபியைக் குடித்துப் படுத்துவிடாதே. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு காலுறை போடு. இதெல்லாம் நீ எனக்கு எழுதுகிற வரிகள், இன்று நான் உனக்கு எழுதுகிறேன். புத்தி சொல்கிற இடத்தில் நின்றால் பயம் கொஞ்சம் குறைகிறது.

பயம் என்னவென்று சொல்கிறேன். பெரியம்மா சமையல் வேலை பார்க்கும் வீட்டு அம்மாள் மிஸஸ் வின்ஸ்டெட் ஒரு நாவல் எழுதியிருக்கிறார் என்று முன்பே எழுதியிருந்தேன். ‘ஓக் நிழல் வீதி’ என்று பெயர். நம் கறுப்பின ஆட்கள் இன்னும் அடிமைகளாக இருந்த காலத்துக் கதை, நம் தீவின் பெரிய பருத்தித் தோட்டம், வெள்ளைத் தூண் வைத்த மாளிகை, அதில் ஒரு சீமாட்டி, அவளுக்கு இரண்டு காதலர்கள். நூலகத்து மிஸ் ஐவி அந்தப் புத்தகத்தின் அட்டையைச் சுவர்ப் பலகையில் மாட்டி, படித்தவர்கள் தங்கள் கருத்தைச் சீட்டில் எழுதிக் குத்தலாம், பெயர் போட வேண்டியதில்லை, சனிக்கிழமை கூட்டத்தில் எழுதியவர் முன்னாலேயே எல்லாச் சீட்டையும் உரக்க வாசிப்பேன் என்று அறிவித்தார். அன்றிலிருந்து ஊரில் வேறு பேச்சே கிடையாது. சர்ச்சில் அட்டை விசிறியால் வாயை மறைத்துக்கொண்டு அந்த இரண்டாவது காதலனைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

நீ இருந்திருந்தால் அந்தப் பலகையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். நம் சர்ச் டீக்கன் அமோஸ் கேப்பர்ஸ் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, “நானூறு பக்கமும் படிச்சேன். பருத்திய யாரு பறிச்சாங்கன்னு ஒரு பக்கத்துலயும் இல்ல. அதுவே நடந்து வந்து வண்டியில ஏறிக்கிச்சு போல” என்று எழுதியிருக்கிறார். வங்கி மேலாளரின் மனைவி, “கடைசி அத்தியாயத்துல அழுது அழுது கண் மை கன்னத்துக்கு எறங்கிடுச்சு, தயவுசெஞ்சு ரெண்டாம் பாகம் எழுதுங்க” என்கிறார். படகுப் பட்டறைக்காரர் ஒருவர், “குளியலறையில வேற புத்தகம் இல்ல, அதான் படிச்சேன். மோசமில்ல. அந்த ரெண்டாவது காதலன மட்டும் மொதலயே சுட்டிருக்கலாம்” என்று எழுதியிருக்கிறார். யாரோ ஒரு பெரிய வீட்டு அம்மாள், “எங்க கொள்ளுப்பாட்டி மாளிகையில விருந்தறைத் திரைச்சீலை நீலம். பச்சைன்னு எழுதினது தப்பு” என்று வருத்தப்பட்டிருந்தார். புதன்கிழமை போய்ப் பார்த்தால் அந்தச் சீட்டின் அடியில் வேறு யாரோ பென்சிலால், “தொவைச்சவங்க குடும்பத்துல விசாரிச்சாச்சு. பச்சைதான்” என்று எழுதியிருந்தார்கள். சத்தம் போடாதீர்கள் என்று எங்களை அதட்டிய மிஸ் ஐவி, அலமாரிக்குப் பின்னால் போய் நின்று தானும் சிரித்தார்.

நானும் படித்தேன் அம்மா. காதல் எனக்குப் பிடிக்கவில்லை, புயல் அத்தியாயம் மட்டும் தூக்கத்தைக் கெடுத்தது. கடல் தோட்டத்துக்குள் ஏறி வருகிறது, சீமாட்டியின் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் சதுப்பைக் கடந்து சர்ச்சில் கொண்டுபோய் சேர்க்கிறாள் ஒரு சமையல்காரி. நீ எனக்குத் தூங்கும்போது சொன்ன கதை அது. நம் குடும்பத்து மூதாதை பீனாவின் கதை. புத்தகத்தில் அவள் முதுகில் ஒரு பிள்ளைதான் இருக்கிறது, அவள் நெஞ்சோடு கட்டியிருந்த சொந்தப் பிள்ளையைக் காணோம். அதைவிட எனக்குப் பொறுக்காதது, புத்தகம் முழுக்க அவளுக்கு ஒரு பெயர் இல்லை. சமையல்காரி வந்தாள், சமையல்காரி போனாள், அவ்வளவுதான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. திங்கட்கிழமை பள்ளி விட்டதும் நேராக நூலகத்துக்குப் போய், யார் எழுதியது என்று தெரியாதபடி எழுத்தை மாற்றி எழுதினேன்: “இந்தக் கதையில் குதிரையின் பெயர் மெர்க்குரி. நாயின் பெயர் டச்சஸ். பிள்ளையைக் காப்பாற்றியவளுக்கு மட்டும் பெயர் கிடையாது. அவள் பெயர் பீனா. தெரியாவிட்டால் கேட்டிருக்கலாம்.” அந்தத் திரைச்சீலைச் சீட்டுக்கு நேர் மேலே இடம் இருந்தது, அங்கே குத்திவிட்டு ஏதோ பதக்கம் வாங்கியவளைப் போல நடந்து வந்தேன்.

இன்று பள்ளி முடிந்ததும், நாளைய கூட்டத்துக்குப் பலகாரம் செய்யும் பெரியம்மாவுக்கு உதவ மிஸஸ் வின்ஸ்டெட் வீட்டுச் சமையலறைக்குப் போயிருந்தேன். நான் அவரைக்காய் உரித்துக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாள் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். பலகையை இதுவரை எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம், பயமாம். “ஒடெஸா, நாளைக்கு என்னக் கிழிச்சுத் தோரணம் கட்டப் போறாங்க” என்றார். பெரியம்மா மாவிலிருந்து கையை எடுக்காமல், “நல்ல துணியா இருந்தாத்தான் தோரணத்துக்குக் கிழிப்பாங்க, மிஸ் அடிலெய்ட். உக்காருங்க, எள்ளு பிஸ்கட் சூடா இருக்கு” என்றார்கள். அந்த அம்மாள் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே சொன்னதைக் கேட்டு என் கையிலிருந்த அவரைக்காய் கிண்ணத்துக்கு வெளியே விழுந்தது. “பதிப்பகத்துக்காரன் என்னப் பாடாப் படுத்தினான் தெரியுமா? சமையல்காரிக்கு ஏதாவது ஒரு பேர் வைங்க, வாசகர்கள் கேப்பாங்கன்னான். மாட்டேன்னுட்டேன். இதே மேசையில உன்கிட்ட எத்தன தடவ கேட்டேன், அவ பேர் என்னன்னு. ஒவ்வொரு தடவையும் சிரிச்சுக்கிட்டே பேச்ச மாத்திட்ட. உனக்குத் தெரியாதுன்னு நான் நம்பல ஒடெஸா. சொல்லாததுக்கு ஒரு காரணம் இருக்கும். அந்த எடத்துல ஒரு பொய்ப் பேர வைக்க எனக்கு மனசு வரல” என்றார். பெரியம்மா, “நண்டு வெந்திருச்சான்னு பாக்கறேன்” என்று சட்டியைத் திறந்தார்கள்.

அந்த அம்மாள் போன பிறகு பெரியம்மா மாவை உருட்டிக்கொண்டே பேசினார்கள், என்னைப் பார்க்கவில்லை, மாவைப் பார்த்துத்தான். “கதையக் குடுத்தேன். அது ஊருக்கே தெரிஞ்ச கத, காத்துல போறது. ரெண்டு பிள்ளையில ஒண்ணக் குடுத்தேன். பேர மட்டும் குடுக்கல. அந்தக் காலத்துல ஆளுங்கள வித்தப்ப பேர எழுதித்தான் வித்தாங்க. வெள்ளக்காரங்க வச்ச பேரு, வயசு, என்ன வெலன்னு. கைப்பிள்ளையா கூடையில கெடந்தப்ப ஆத்தா வச்ச பேர யாரும் எழுதல, அவங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்த ஒண்ணத்தான் அவங்களால விக்க முடியல” என்றார்கள். பிறகு தட்டை என் பக்கம் தள்ளி, “சாப்புடு. கருகினது எனக்கு, நல்லது உனக்கு” என்றார்கள்.

அம்மா, வெளியாரிடம் கூடைப் பெயரைச் சொல்லாதே என்று நீங்கள் இருவரும் எனக்குச் சின்ன வயதிலேயே சொன்னீர்கள். பள்ளிக்கு ஜெனீவா, வீட்டுக்கு பீனா. மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள், அதற்காகத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன். தலைமுறைக்கு ஒரு பெண்ணுக்கு நீங்கள் எடுத்துக் கொடுக்கிற அந்தப் பெயர் இத்தனை காலம் எங்கே பத்திரமாக இருந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. யாரும் எழுதாத பெயரை நானே எழுதி, ஊசி குத்தி, போகிற வருகிறவர்கள் பார்க்கச் சுவரில் மாட்டியிருக்கிறேன். கேட்டிருக்கலாம் என்று குத்திக்காட்டினேனே, அந்த அம்மாள் கேட்டிருக்கிறார், அதுவும் பல தடவை. நாளைக்கு சர்ச் கூடத்தில் மிஸ் ஐவி அதை உரக்க வாசிப்பார், பத்திரிகைக்காரரும் வருகிறாராம், அவர் குறித்துக்கொள்வார். பெரியம்மா கையில் பலகாரத் தட்டோடு அங்கே நின்றுகொண்டிருப்பார்கள். இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் காத்ததை வேறு ஒருவர் வாயிலிருந்து கேட்பார்கள்.

உன் பதில் வர வாரங்கள் ஆகும் என்று தெரியும், ஆனாலும் எழுத எழுத என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகிறது. காலையில் நூலகம் திறந்ததும் போய் அந்தச் சீட்டைத் திருப்பிக் கேட்கப் போகிறேன். எழுதினவர் யாரோ அவர் வந்து கேட்டால்தான் சீட்டைத் தருவேன் என்று மிஸ் ஐவி முதல் நாளே சொல்லிவிட்டார், ஆகவே நான்தான் எழுதினேன் என்று சொல்லியாக வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும், மத்தியானத்துக்குள் தீவுக்கே தெரியும். தெரியட்டும். அந்த இடத்தில் வேறொரு சீட்டைக் குத்தப் போகிறேன், எழுதிவிட்டேன், அது இதுதான்: “குதிரைக்குப் பெயர் இருக்கிறது, நாய்க்குப் பெயர் இருக்கிறது, சமையல்காரிக்கு இல்லை. அந்த இடத்தில் பொய்யாக ஒன்றை வைக்காமல் விட்டதற்கு நன்றி. அடுத்த பதிப்பில் அவள் நெஞ்சோடு இன்னொரு பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள், கனம் சரியாக இருக்கும். ஜெனீவா சிசோம், பத்தாம் வகுப்பு.” இந்த முறை எழுத்தை மாற்றி எழுதவில்லை.

அந்தப் பலகை இப்போது கண்ணுக்கு முன்னால் வருகிறது அம்மா. என் சீட்டு, அதற்கு நேர் கீழே திரைச்சீலைச் சீட்டு, அதன் அடியில் பென்சில் எழுத்து. பச்சைதான். அந்தக் கையெழுத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று அன்றே தோன்றியது, சிரிப்பில் விட்டுவிட்டேன். நம் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் தினமும் பார்க்கிற எழுத்து அது. வெண்ணெய் தீர்ந்தது, சோளமாவு வாங்கு என்று எழுதுகிற அதே பென்சில். புதன்கிழமை பெரியம்மாவுக்கு அரை நாள் லீவு, டவுனுக்குப் போய் வந்தார்கள். அவ்வளவு பக்கத்தில் நின்று அதை எழுதியவர்கள் மேலே இருந்த என் சீட்டைப் படிக்காமலா இருந்திருப்பார்கள்? அந்தப் பெயரை எழுத இந்தத் தீவில் வேறு யார் இருக்கிறார்கள்?

அன்று சாயங்காலம் எனக்குப் பிடித்த வெண்டைக்காய் இறால் குழம்பு வைத்துச் சோறு போட்டார்கள். “ஸ்கூல்ல இப்பல்லாம் நெறைய எழுதச் சொல்றாங்களா?” என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். “எழுது கண்ணு, நல்லா எழுது. பேனாவ எடுக்கறதுக்கு முன்னாடி மட்டும் ஒரு மூச்சு இழுத்து விடு” என்று சொல்லி என் தட்டில் இன்னும் இரண்டு இறாலைப் போட்டார்கள். ஒரு வார்த்தை திட்டவில்லை. கோபம் வந்தால் வாசல் வரை கேட்கிற மாதிரி ஜெனீவா லூயிஸ் சிசோம் என்று முழுப் பெயர் சொல்லித்தானே கூப்பிடுவார்கள், இந்த வாரம் முழுக்க ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடவில்லை. இன்றைக்கு மாவைப் பார்த்துப் பேசியது மாவிடம் இல்லை. நானே வந்து சொல்லட்டும் என்று எனக்கு இடம் விட்டுக் காத்திருக்கிறார்கள். இதை எழுதும்போது அழுகை வருகிறது, ஆனால் பயத்தில் வருகிற அழுகை இல்லை. என்னை இவர்களிடம் விட்டுவிட்டுப் போனதற்கு உனக்கு எப்படி நன்றி சொல்வேன். நீ கப்பல் ஏறிய அன்று உன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தது என்று உனக்குத் தெரியும், அது இப்போது துளியும் இல்லை.

விடியும் வரை காத்திருக்க மாட்டேன். இதை முடித்ததும் எழுந்து போய்ச் சொல்லிவிடுகிறேன். கடவுள் உன்னையும் நீ பார்த்துக்கொள்கிற நோயாளிகளையும் காப்பாற்றட்டும், உன் கைக்கு எந்த நோவும் வராமல் இருக்கட்டும், சீக்கிரம் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும். காலுறையை மறக்காதே. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு, முக்கியமாக அந்தப் பெயர் வருகிற இடங்களை

கதவைத் தட்டுகிறார்கள். பெரியம்மாதான். “பீனா, அந்தக் கடுதாசிய ஒட்டிடாத. ரெண்டு வரி நானும்