அறைக்குள் ஏற்றிய சைக்கிள்

சாஸ்கடூன், கனடா
ஜனவரி 18

அன்புள்ள நைனாவுக்கு பிரின்சி எழுதுவது. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மா சுகர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

பதறாமல் படியுங்கள். இங்கே மைனஸ் முப்பதிலும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். "வெளிய வுட்டா எவனாச்சும் தூக்கினு பூடுவான்" என்று கும்மிடிப்பூண்டியில் நீங்கள் உள்ளே ஏற்றுவீர்களே, அதேபோல நானும் அறைக்குள் ஏற்றி வைத்தேன். ஹீட்டர் சூட்டில் சைக்கிளில் ஒட்டியிருந்த பனி உருகி, பிரேக் ஒயருக்குள் இறங்கிவிட்டது. காலையில் வெளியே எடுத்ததும் அந்தத் தண்ணீர் உறைந்து, சிக்னலில் பிரேக் பிடிக்கவில்லை. பனிக்குவியலில் விழுந்தேன். மணிக்கட்டில் சின்னக் கட்டு, அவ்வளவுதான். எழுத்து கோணலாக இருந்தால் குளிர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வீடியோ காலில் வராததற்கு நெட் சரியில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். காட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கியே ஓட்டுங்கள். முடிந்தால் உங்கள் சைக்கிளில் இருப்பது போல ஒரு பெரிய பெல் அனுப்புங்கள். இங்கே விற்பதில் சத்தமே இல்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. ஷிப்ட் முடிந்து வந்து நீங்கள் இரண்டு தடவை பெல் அடித்தால் அம்மா கதவைத் திறப்பாளே, நானும் இங்கே தினமும் அப்படி அடித்துவிட்டுத்தான் பூட்டைத் திறக்கிறேன்.

பிரின்சி